ரம்மும் புளியங்குடி எலுமிச்சையும்: அண்ணாச்சி பதில்கள்

சாரல் விழத் தொடங்கியதும் குற்றாலத்துக்குக் கிளம்புகிறவர்கள் எல்லாம் என்னிடம் ரம் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். கப்பலில் பதினாறு வருடம் பார் கவுண்டரில் நின்றுவிட்டு, இப்போது பாளையங்கோட்டையில் சும்மா இருப்பவன் நான். கேட்டால் சொல்ல வேண்டியதுதானே. 21 வயது ஆகாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்றவர்களும் அருவியில் குளித்து முடித்து, அறைக்குத் திரும்பிய பிறகுதான் பாட்டிலைத் திறக்க வேண்டும்.

அண்ணாச்சி, ரம்மும் எலுமிச்சையும் கலக்கிற டைக்கிரி போட்டால் பல் கூசுகிற அளவுக்குப் புளிக்கிறது. யூடியூபில் சொன்ன அளவுதான் ஊற்றினேன். (பேட்டை)

அளவைப் பார்த்தீர்கள், எலுமிச்சையைப் பார்க்கவில்லை. அந்த வீடியோக்களில் பெரும்பாலும் பிழிவது பெர்சியன் லைம். பெரிசாக, விதையில்லாமல் இருக்கும். புளிப்பு ஒரு மாற்றுக் குறைவு. நம்மூரில் கிடைப்பது புளியங்குடிப் பக்கம் விளையும் மெல்லிய தோல் சின்னப் பழம். வேடிக்கை என்னவென்றால், டைக்கிரி பிறந்த கியூபாவில் காலகாலமாகப் பிழிவதும் இதே இனம்தான். ஆக, அசல் சரக்கு நம் கையில்தான் இருக்கிறது.

வெள்ளை ரம் 60 மில்லி, எலுமிச்சைச் சாறு 20, சீனிப்பாகு 20. பாகு என்றால் காய்ச்சிப் பதம் பார்க்க வேண்டாம்; சீனியும் வெந்நீரும் சமமாகக் கலந்து ஆற வைத்தால் போதும். பழத்தைக் கடைசிச் சொட்டு வரை நசுக்காதீர்கள், தோலின் கசப்பு இறங்கிவிடும். காலையில் பிழிந்து வைத்த சாறும் ஆகாது.

டைக்கிரி என்ற பெயர் கியூபாவில் சாண்டியாகோவுக்குப் பக்கத்து ஊருடையது. அங்கே இரும்புச் சுரங்கத்தில் வேலை பார்த்த ஜென்னிங்ஸ் காக்ஸ் என்ற அமெரிக்க எஞ்சினியர் 1898 வாக்கில் கலக்கியது என்று சொல்வார்கள்.

டைக்கிரியைக் குலுக்க மூடி போட்ட ஷேக்கர் இல்லை. ஸ்பூனால் கலக்கலாமா? (மேலப்பாளையம்)

கூடாது. வீட்டில் திருகு மூடி போட்ட எவர்சில்வர் கூஜா இருக்குமே, அதை எடுங்கள். முக்கால்வாசி ஐஸ் போட்டு மூடி, துணி சுற்றாமல் வெறுங்கையால் பிடித்துக் குலுக்குங்கள். முதலில் கலகலவென்று சத்தம் வரும், அப்புறம் சத்தம் மங்கும். கூஜாவில் வெள்ளையாகப் பனி பூத்து, விரல் ஒட்டிக்கொள்கிற மாதிரி இருந்தால் ஆயிற்று. பன்னிரண்டு, பதினைந்து விநாடி வேலை. டீ வடிகட்டியில் வடித்துக்கொள்ளுங்கள்.

மொஹிட்டோவில் புதினா கசக்கிறது. இடிகல்லில் நன்றாக இடித்துத்தான் போட்டேன். (வண்ணார்பேட்டை)

சட்னிக்கா இடிக்கிறீர்கள்? இலையை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டுங்கள், வாசனை வந்துவிடும். சீனி, எலுமிச்சையோடு தம்ளரில் லேசாக அமுக்கி, ரம்மும் ஐஸும் போட்டு, மேலே சோடா. கோலி சோடா சரி. பன்னீர் சோடா ஊற்றினால் என் பெயரைச் சொல்லாதீர்கள்.

கோலாவுக்குப் பதில் பொவண்டோ ஊற்றினால் கியூபா லிப்ரே ஆகுமா? (அம்பாசமுத்திரம்)

ஆகாது. ஸ்பெயினிடமிருந்து கியூபா விடுபட்ட பிறகு வந்த பெயர் அது. ரம், கோலா, எலுமிச்சை, அவ்வளவுதான். பொவண்டோவில் திராட்சை வாசனை தூக்கலாக இருக்கும். ஆனால் பழைய கறுப்பு ரம்மோடு அரை மூடி எலுமிச்சை பிழிந்து குடித்துப் பார்த்தேன், குறை சொல்ல முடியவில்லை. பெயரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

மை டாய் என்ற ரம் காக்டெயிலுக்குப் பாதாம் பாகு வேண்டுமாம். பாதாம் பால் பவுடர் போடலாமா? (தென்காசி)

வேண்டாம், ஏலக்காய் மணம் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். பாதாமை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து, பாலுக்குச் சமமாகச் சீனி கரைத்து, ரெண்டு சொட்டுப் பன்னீர் விடுங்கள். மை டாய், 1944இல் கலிபோர்னியாவில் விக்டர் பெர்ஜரோன் என்ற பார்க்காரர் போட்டது. அவர் கலந்தது நன்றாக முதிர்ந்த ரம். வெள்ளை ரம்மில் சப்பென்று இருக்கும்.

பீன்யா கொலாடாவுக்கு நம்ம தேங்காய்ப் பால் ஆகுமா? (களக்காடு)

தாராளமாக. போர்ட்டோ ரிக்கோவில் 1950களில் டப்பாவில் வந்த இனிப்புத் தேங்காய்க் க்ரீமை வைத்துத்தான் போட்டார்கள். நமக்கு முதல் பால் இருக்கிறது. தண்ணீர் விடாமல் பிழிந்த பால் 45 மில்லி, அன்னாசிச் சாறு 90, ரம் 60, சீனி உங்கள் நாக்குக்கு. ஐஸோடு மிக்ஸியில் ஒரு சுற்று. உடனே குடித்துவிட வேண்டும், வைத்திருந்தால் அன்னாசிப் புளிப்பில் பால் திரிந்துவிடும்.

சளிக்கு ரம்மும் மிளகும் நல்லது என்கிறார் மாமா. (சேரன்மகாதேவி)

மாமாவுக்கு ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான். ரம் உள்ளே போனால் தோலுக்கு ரத்தம் கூடுதலாக ஓடும், சூடு ஏறியது போல இருக்கும். உண்மையில் உடம்புச் சூடு வெளியே போகிறது. மாத்திரை போட்டிருந்தால் தொடவே கூடாது. சளிக்குச் சுக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுங்கள். அதில் ரம்மை ஊற்றிவிடாமல் மாமாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.