பேங்க் எக்ஸாமா, காலேஜ் வேலையா? ஆச்சிக்கு ஒரு பதில்

ஆச்சி, நீங்க பயப்படுறது புரியுது. பாப்பா எம்.ஏ. இங்கிலீஷ் முடிக்கப்போகுது, பேங்க் எக்ஸாம் வேணாம், காலேஜ்ல கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ்தான் எடுப்பேன்னு பிடிவாதமா நிக்குது. போகட்டும் ஆச்சி, ஆனா காலேஜ் வாத்தியார் வேலைக்கான தகுதித் தேர்வு, அந்த யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) நெட் பரீட்சைய எழுதிட்டுப் போகட்டும்.

வெறும் எம்.ஏ.வ வச்சுக்கிட்டு பிரைவேட் காலேஜ்ல சேர்ந்தா பல இடத்துல சம்பளம் ரொம்ப கம்மி, லீவு நாள்ல அட்மிஷனுக்கு ஆள் புடிக்க ஊர் ஊரா அனுப்புறதும் உண்டு. நெட் வருஷத்துக்கு ரெண்டு தடவை வருது, எம்.ஏ.ல 55 பர்சன்ட் வேணும், ஓபிசி நான்-கிரீமிலேயர், எஸ்சி, எஸ்டிக்கு 50 போதும், கடைசி வருஷம் படிக்கும்போதே எழுதலாம். 150 கேள்வி, 300 மார்க், தப்புக்கு மைனஸ் கிடையாது. அதே பரீட்சைல ஜேஆர்எஃப்ங்கிற ஆராய்ச்சி உதவித்தொகையும் கிடைச்சா பிஎச்டி பண்றப்ப மாசம் 37,000 வரும், அதனால இப்பவே பிஎச்டிக்குன்னு கைக்காச கட்டிடாதீங்க. யூஜிசி ஸ்கேல்ல அசிஸ்டன்ட் ப்ரொஃபசருக்கு ஆரம்ப பேசிக்கே 57,700. என்ன, கவர்மென்ட் காலேஜ் போஸ்டிங் வருஷா வருஷம் வராது, பொறுமை வேணும்.

வேலை எப்படி இருக்கும்னு கேட்டீங்கள்ல. தேவகோட்டை, கல்லல் பக்கம் கிராமத்துல இருந்து தமிழ் மீடியம் படிச்சு வர்ற பிள்ளைங்கதான் கிளாஸ்ல நிறைய, "மை நேம் இஸ்"னு மனப்பாடம் பண்ணத கடகடன்னு ஒப்பிச்சிரும், நேத்து என்ன பண்ணேன்னு இங்கிலீஷ்ல கேட்டா அப்படியே தலைய குனிஞ்சுக்கும். அந்தப் பிள்ளைகிட்ட உங்க வீட்ல கந்தரப்பம் எப்படி சுடுவாங்கன்னு கேட்டா, ஃபர்ஸ்ட் ரைஸ் சோக்கிங், தென் ஜாகரின்னு கையை ஆட்டி ஆட்டி சொல்ல ஆரம்பிக்கும், கிராமர் நூறு இடத்துல இடிக்கும், நடுவுல புகுந்து திருத்தாம கடைசி வரைக்கும் கேட்டுட்டு அப்புறம் ஒண்ணே ஒண்ண மட்டும் சரி பண்ணிவிடணும். ஒரு செமஸ்டர் பூரா அறுபது பிள்ளைங்களுக்கு இதையே பண்ணணும் ஆச்சி, பேப்பர் திருத்துறது தனி. நல்லா இங்கிலீஷ் பேசுறவங்க எல்லாருக்கும் இந்தப் பொறுமை வர்றதில்ல, என்னைக் கேட்டா மார்க்க விட இதத்தான் முதல்ல பாக்கணும்.

அதனால ஒண்ணு பண்ணுங்க, உங்க தெருவுல ப்ளஸ் டூ முடிச்ச நாலஞ்சு பிள்ளைங்கள சாயங்காலம் வளவுல உக்கார வச்சு பாப்பாவ ஒரு மாசம் பேச்சு இங்கிலீஷ் எடுக்கச் சொல்லுங்க. அதுக்கப்புறமும் இதே ஆசையோட இருந்தா மார்க் ஷீட்ட எடுத்துக்கிட்டு கூட்டிட்டு வாங்க, அடுத்த நெட்டுக்கு உக்காந்து அப்ளை பண்ணிரலாம்.