ஏழு ரிஷிகளில் ஐந்து பேர்

வணக்கம் ஐயா,

எட்டாவது படிக்கும் மகனுக்கு மொட்டைமாடியில் சப்தரிஷி மண்டலத்தைக் காட்டி அருந்ததி கதை சொன்னேன். மறுநாள் எதையோ படித்துவிட்டு வந்து, "அதெல்லாம் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நட்சத்திரங்கள், நாமாகத்தான் கோடு போட்டுக்கொள்கிறோம்" என்கிறான். முன்னோர் வானத்தில் கண்டதெல்லாம் வெறும் பிரமைதானா? ஜாதகமும் அப்படித்தானா?

ஒரு வாசகர், தென்காசி

அன்புள்ள நண்பருக்கு,

மகன் சொன்னது பொதுவாகச் சரி. சிம்மத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மகம் 79 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது, வாலில் உள்ள உத்திரம் 36. ஒன்றுக்கொன்று உறவே கிடையாது. ஆனால் நீங்கள் காட்டிய சப்தரிஷி விதிவிலக்கு. இரு முனைகளில் உள்ள கிரதுவும் மரீசியும் தனி ஆட்கள். இடையில் உள்ள புலஹர், புலஸ்தியர், அத்ரி, அங்கிரஸ், வசிஷ்டர் ஐவரும் சுமார் 80 ஒளியாண்டு தொலைவில் ஒரே திசையில் சேர்ந்து போய்க்கொண்டிருக்கிறார்கள். 1869இல் ரிச்சர்ட் பிராக்டர் என்ற ஆங்கில வானியலாளர் இதைக் கண்டு சொன்னார்.

கார்த்திகை நட்சத்திரம் இன்னும் நல்ல உதாரணம். கார்த்திகை மாதம் இருட்டியதும் கிழக்கே பாருங்கள். நேராக உற்றுப் பார்த்தால் மங்கலான ஒரு பூச்சு. பார்வையைச் சற்று ஒதுக்கினால் புள்ளிகள் தனித்தனியாகப் பிரியும். பெரும்பாலோருக்கு ஆறு தெரியும். நாம் ஆறு கார்த்திகைப் பெண்கள் என்றோம், முருகனை வளர்க்கக் கொடுத்தோம். கிரேக்கர்கள் ஏழு சகோதரிகள் என்றார்கள். நியூசிலாந்தின் மாவோரிகளுக்கு அது விடியலில் திரும்பவும் தென்படுவதுதான் புத்தாண்டு. 2022 முதல் அங்கே அரசு விடுமுறையும் உண்டு.

1767இல் ஜான் மிச்செல் என்ற ஆங்கிலப் பாதிரியார் இதே கூட்டத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார். நட்சத்திரங்களை வானமெங்கும் கண்டபடி இறைத்திருந்தால், பிரகாசமான ஆறு இவ்வளவு நெருக்கமாக வந்து விழ எவ்வளவு வாய்ப்பு? கணக்குப் போட்டால் ஏறக்குறைய 5 லட்சத்தில் ஒன்று. அப்படியானால் இது தற்செயல் இல்லை, நிஜமாகவே ஒரு கூட்டம் என்றார். அன்றைக்கு எந்த நட்சத்திரத்தின் தொலைவையும் யாரும் அளந்திருக்கவில்லை. முதல் அளவு 1838இல்தான் வந்தது. மிச்செல் சொன்னது சரியாகவே இருந்தது. 440 ஒளியாண்டு தொலைவில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்கள் ஒரே வாயு மேகத்தில் பிறந்து இன்னும் பிரியாமல் இருக்கின்றன. வானியலில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

அதனால் வானத்தில் உருவம் காண்பதைப் பிரமை என்று என்னால் தள்ள முடியவில்லை. அது ஒரு சந்தேகம், விசாரிக்க வேண்டியது. விசாரித்தால் கார்த்திகை நிற்கும், சிம்மம் நிற்காது. நிற்காவிட்டாலும் சிங்கம் என்று பெயர் வைத்ததால்தானே அந்த மூலையை இருட்டில் தேடிப் பிடிக்க முடிகிறது!

ஜாதகத்துக்கும் அதே விசாரணைதான். 1985இல் நேச்சர் அறிவியல் இதழில் ஷான் கார்ல்சன் என்ற இயற்பியலாளரின் சோதனை வெளியானது. ஒரு ஜாதகத்தைக் கொடுத்து, அதற்குரியவரின் குணவிவரம் மூன்றில் எது என்று மேலைநாட்டு ஜோதிடர்களிடம் கேட்டார்கள். குருட்டாம்போக்கில் சொல்வதைவிட அவர்களால் நன்றாகச் சொல்ல முடியவில்லை. நான் ஜாதகத்தை நம்புவதில்லை.

அப்புறம், பைனாகுலர் கிடைத்தால் வசிஷ்டரையும் அருந்ததியையும் மகனுக்குக் காட்டுங்கள். அருந்ததியும் அந்த ஐவரின் கூட்டத்தைச் சேர்ந்தவள்தான். அதற்கு அவன் என்ன சொல்கிறான் என்று எழுதுங்கள்.