அறுவை சிகிச்சை தாங்காத முதியவருக்கு வயிற்றுப் பெருந்தமனி வீக்கம்: சும்மா பார்த்துக்கொண்டிருப்பதா?

உங்கள் மாமனாருக்கு 82 வயது, இதயம் பலவீனம், வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்கு ஆபரேஷன் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். இனி என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்ல. காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஐயாவை, அதாவது அப்பச்சியை (அப்பாவை) பெற்றவரை, இதே நோயோடு நான்கு வருடம் பார்த்துக்கொண்டவன்.

சிறுநீரகக் கல்லைத் தேடி எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்தது. பெருந்தமனி என்பது இதயத்திலிருந்து வயிற்றின் வழியே இறங்கும் பெரிய ரத்தக்குழாய். சுமார் 2 சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டிய அந்தக் குழாய் 5.8 ஆகியிருந்தது. வெடித்துவிடும் என்ற பயத்தில் ஆண்களுக்கு 5.5 வந்தாலே சிகிச்சை பற்றிப் பேசுவார்கள். மதுரை நிபுணரோ ஐயாவின் இதயத்தையும் சிறுநீரகத்தையும் பார்த்துவிட்டு, வயிற்றைத் திறக்கும் பேச்சே வேண்டாம் என்றார். தொடை ரத்தக்குழாய் வழியாக ஸ்டென்ட் (உள்ளிருந்து தாங்கும் குழாய்) வைக்கலாமே என்று சித்தப்பா விடவில்லை. அதற்கு நிபுணர் ஓர் ஆய்வைச் சொன்னார். திறந்த அறுவைக்குத் தகுதியற்றவர்களை வைத்து பிரிட்டனில் நடந்தது, 2005இல் முடிவு வெளியானது. ஸ்டென்ட் வைத்தவர்கள் வைக்காதவர்களைவிடக் கூடுதல் நாள் வாழவில்லை. வீக்கம் வெடித்துச் சாவது காலப்போக்கில் குறைந்தது. ஆனால் மற்ற நோய்கள் முந்திக்கொண்டன.

வீக்கத்தைச் சுருக்கும் மாத்திரை கிடையாது. டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கைச் சோதித்துப் பார்த்தும் பலனில்லை. ரத்த அழுத்த மாத்திரையும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினும் இதயத்தையும் மற்ற ரத்தக்குழாய்களையும் காப்பதற்குத்தான். நம் கையில் இருப்பது புகையை நிறுத்துவது. வீக்கத்தை வேகமாக வளர்ப்பது அதுதான். பினாங்குக் கடையில் பழகிய சுருட்டை ஐயா 80 வயதுக்கு மேல் விட்டார். அதைவிடப் பெரிய போர் உப்புக்கண்டத்தை நிறுத்தியபோது நடந்தது. அப்பத்தா ஜாடியை இடம் மாற்றிக்கொண்டே இருந்தார்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். சிறுநீர்த் தொற்றுக்கு ஒரு கிளினிக்கில் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை எழுதிவிட்டார்கள். அந்த வகை மருந்துகள் பெருந்தமனி வீக்கம் உள்ளவர்களுக்கு ஆபத்து தரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இலேயே எச்சரித்திருக்கிறது. சீட்டைக் காட்டிக் கேட்டதும் மாற்றிக் கொடுத்தார்கள். எந்த டாக்டரிடம் போனாலும் வீக்கத்தை முதலில் சொல்லுங்கள்.

இரண்டாம் வருடத்தோடு வீக்கத்தை அளக்கும் ஸ்கேனையும் நிறுத்திவிட்டோம். எந்த அளவு வந்தாலும் அறுவை இல்லை என்றான பின் அந்த எண் எங்களுக்குப் பயத்தைத்தான் தந்தது. உடல்நிலை தேறினால் மறுபடி யோசிக்கலாம் என்று நிபுணரே சொல்லியிருந்தார், தேறவில்லை.

கடினமான பேச்சு ஒன்று பாக்கி இருந்தது. வீக்கம் வெடித்து, திடீரென்று முதுகிலோ வயிற்றிலோ கடும் வலி வந்து மயங்கினால், 90 கிலோமீட்டர் தாண்டி மதுரைக்கு ஓடுவதா? வீட்டுக் கூடமான பட்டாலையில் எல்லோரும் உட்கார்ந்திருக்கையில் ஐயாவே முடித்துவைத்தார்: "ரோட்டில் உயிர் போகவிட்டுவிடாதீர்கள். வலி தெரியாமல் பார்த்துக்கொண்டால் போதும்." அதற்கு வேண்டிய மருந்துக்கும், கூப்பிட்டால் வீட்டுக்கு வரும் உள்ளூர் டாக்டருக்கும் அந்த வாரமே ஏற்பாடு செய்தோம். கடைசியில் அது தேவைப்படவில்லை. ஐயா இதயம் நின்றுதான் போனார்.

உங்கள் மாமனாரிடம் இதை யாராவது கேட்டீர்களா?