தனிநபர் எண்ணுக்குப் பணம் அனுப்பாதீர்கள்: கென்யத் தொண்டு அமைப்புகள் பற்றிய கேள்வி-பதில்

கென்யாவில் இளைஞர்களுக்காகச் சிறு அமைப்பு நடத்துகிறவர்களும் அவர்களுக்குப் பணம் அனுப்புகிறவர்களும் எழுதிய கடிதங்களிலிருந்து.

கே: நைரோபியில் ஆறு நண்பர்கள் சேர்ந்து சேரிப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லித்தருகிறோம். என்ஜிஓவாகப் பதிய வேண்டுமா?

ப: இப்போதைக்கு வேண்டாம். பத்துப் பேராகுங்கள். 2022ஆம் ஆண்டின் சமுதாயக் குழுக்கள் பதிவுச் சட்டப்படி, உங்கள் பகுதி சமூக மேம்பாட்டு அலுவலகத்தில் குழுவாகப் பதியுங்கள். நிர்வாக விதிகள், பொறுப்பாளர் பட்டியல், கூட்டக் குறிப்பு ஆகியவை தயாராக இருக்கட்டும். பிறகு கேஆர்ஏ பின் (கென்ய வரித் துறை தரும் எண்), வங்கிக் கணக்கு, பேபில் எண் (எம்-பெசா என்னும் கைபேசிப் பணச் சேவையில் அமைப்பின் பெயரில் பணம் வாங்கும் எண்), இதே வரிசையில். வெளிநாட்டுப் பெரிய நிதி வரும் கட்டத்தில் பொதுநல அமைப்புகளுக்கான பிபிஓ சட்டத்தைப் பார்க்கலாம். அது 2013இல் நிறைவேறினாலும் 2024 மே மாதம்தான் நடைமுறைக்கு வந்தது. 1990ஆம் ஆண்டு என்ஜிஓ சட்டத்தை வைத்து யோசனை சொல்கிறவர்களைக் கேட்காதீர்கள். அது போய்விட்டது.

கே: லண்டனில் இருக்கும் எங்கள் சங்கம் மாதம் 200 பவுண்டை ஒருங்கிணைப்பாளரின் எம்-பெசா எண்ணுக்கு அனுப்புகிறது. நல்ல பையன்தான். சிக்கல் வருமா?

ப: நல்ல பையன் என்பதால்தான் சொல்கிறேன், அவரை இந்த நிலையில் வைக்காதீர்கள். 200 பவுண்டு என்றால் அங்கே முப்பதாயிரம் ஷில்லிங்குக்கு மேல். பணம் போனதாக வரும் குறுஞ்செய்தியில் அவர் பெயர்தான் இருக்கும், அமைப்பின் பெயர் இருக்காது. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதலில் எடுப்பது அந்தப் பணத்தைத்தான். நாளை அவர் விலகினால் கணக்கும் அவரோடு போய்விடும். தனிநபர் எண்ணுக்கு ஒரு ஷில்லிங்கூட வேண்டாம். அமைப்பின் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, மாதாமாதம் வங்கி அறிக்கை. உங்கள் சங்கத்தின் ஆண்டு வருமானம் 5,000 பவுண்டைத் தாண்டினால் இங்கிலாந்தின் அறக்கொடை ஆணையத்தில் பதிந்தாக வேண்டும். பதிந்தீர்களா என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

கே: "நாங்கள் தரும் பணம் நூறு சதவீதமும் பிள்ளைகளுக்கே போக வேண்டும், சம்பளத்துக்கும் வாடகைக்கும் தரமாட்டோம்" என்கிறார்கள் எங்கள் உறுப்பினர்கள். நியாயம்தானே? (டொராண்டோ)

ப: நியாயமில்லை. நான் பார்த்தவரை, சிறு அமைப்புகள் மூன்றாம் ஆண்டைத் தாண்டாமல் மூடப்படுவதற்கு முதல் காரணம் இந்த நிபந்தனைதான்.

நைரோபிச் சேரிகளான மாத்தாரேயிலோ கிபேராவிலோ ஓர் இளைஞர் திட்டம் என்பது என்ன? பள்ளி விட்டதும் மைதானத்தில் வந்து நிற்கும் ஓர் இருபத்தைந்து வயதுக்காரர். யார் வீட்டில் அப்பா ஓடிப்போனார் என்று அவருக்குத் தெரியும். இரண்டு நாள் வராத பெண்ணைத் தேடி வீட்டுக்கே போவார். சேவை என்பது அவர்தான். பந்தும் ஜெர்சியும் அவர் கையிலிருக்கும் கருவிகள். நீங்களோ பந்துக்குத் தருகிறீர்கள், அவருடைய மத்தாத்து வேன் கட்டணத்துக்குத் தர மறுக்கிறீர்கள். ஒரு வருஷம் பொறுத்துப் பார்ப்பார். பிறகு ஏதாவது மாலில் காவலாளி வேலைக்குப் போவார். பந்துகள் அறையில் பூட்டிக் கிடக்கும்.

ஒரு கொடையாளர் கணினி வாங்கித் தந்த கூடத்தைப் பார்த்திருக்கிறேன். மின் மீட்டருக்கு முன்கட்டண டோக்கன் போடப் பணமில்லை. சொல்லித்தர ஆளில்லை. உறைகூடப் பிரிக்கவில்லை. பளபளப்பான ஆண்டறிக்கையில் மட்டும் அந்தக் கணினிகள் இருந்தன.

இன்னொன்றும் நடக்கிறது. சம்பளத் தலைப்பு இல்லாத இடத்தில் அதே பணம் "பயிலரங்கச் சிற்றுண்டி", "போக்குவரத்து" என்று பெயர் மாற்றி எழுதப்படும். நேர்மையான ஆளைப் பொய் ரசீது எழுத வைப்பது உங்கள் நிபந்தனை. முறையாகச் சம்பளம் கொடுத்தால் வீட்டுவசதி வரி முதலாளியிடம் 1.5, ஊழியரிடம் 1.5 சதவீதம், அவர் சம்பளத்தில் மருத்துவக் காப்பீட்டுக்கு 2.75, அதன்மேல் என்எஸ்எஸ்எஃப் என்னும் ஓய்வூதிய நிதி. இதையெல்லாம் வரவு செலவில் வெளிப்படையாக எழுதட்டும். நூறு ஷில்லிங்கில் நாற்பது, ஐம்பது ஆட்களுக்குப் போவது இந்தத் தொழிலில் சரியான கணக்கு. உறுப்பினர்கள் கேட்க வேண்டியது வேறு: வருகைப் பதிவேடு இருக்கிறதா, எத்தனை பேர் கடைசிவரை வந்தார்கள், கணக்கைத் தணிக்கை செய்தது யார்?

கே: அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யுஎஸ்எய்டின் பணத்தை நம்பியிருந்தோம். 2025இல் நின்றுபோனது. இனி என்ன செய்வது?

ப: ஜனவரியில் நிறுத்திவைத்தார்கள், ஜூலையில் அந்த நிறுவனத்தையே முடித்தார்கள். பழைய அளவுக்குத் திரும்பலாம் என்று காத்திருக்க வேண்டாம். திட்டத்தைச் சுருக்குங்கள், ஆட்களைத் தக்கவையுங்கள். கூடாரமும் நாற்காலியும் வாங்கிக் கல்யாணத்துக்கும் துக்க வீட்டுக்கும் வாடகைக்கு விட்டே செலவைச் சமாளிக்கும் இளைஞர் குழுக்கள் அங்கே உண்டு. ஊரார் கூடிப் பணம் திரட்டும் ஹராம்பே கூட்டுங்கள். பெற்றோரிடமும் மாதம் ஐம்பது ஷில்லிங் கேளுங்கள். இனி எந்தக் கொடையாளரும் மொத்த வரவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மூன்று மாதச் சம்பளம் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

கே: பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைப் பெற்றோரிடம் கொடுக்கலாமா?

ப: பள்ளியின் கணக்கில் நேரடியாகக் கட்டுங்கள். யாருக்கு என்பதில் சண்டை வராமலிருக்க மாத்தாரேயில் 1987இல் தொடங்கிய இளைஞர் விளையாட்டுச் சங்கத்தின் வழி நல்லது. தெருவைச் சுத்தம் செய்தால் அணிக்கு லீக்கில் புள்ளி கிடைக்கும். தொண்டு செய்து புள்ளி சேர்க்கும் இளைஞருக்குக் கல்வி உதவி கிடைக்கும்.

கே: கல்லூரியில் படிக்கும் மகளை விடுமுறையில் நைரோபி அனாதை இல்லம் ஒன்றில் தொண்டு செய்ய அனுப்பலாமா?

ப: வேண்டாம். இரண்டு வாரம் பழகிவிட்டுப் போகும் அக்காக்கள் அந்தப் பிள்ளைகளுக்குத் தேவையில்லை. புதிய இல்லங்களைப் பதிவதையே கென்ய அரசு 2017இல் நிறுத்திவைத்தது. சுற்றுலாப் பயணியாகப் போய்த் தொண்டு வேலை செய்யவும் முடியாது, அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

கே: பிள்ளைகளின் படங்களை ஃபேஸ்புக்கில் போட்டால் நிதி கூடுகிறதே?

ப: பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் சம்மதம் இல்லாமல் போடாதீர்கள். 2019ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். அழுகிற முகம், பெயர், பள்ளி மூன்றும் ஒரே பதிவில் எப்போதும் வேண்டாம்.

கே: எங்கள் கணக்கை அனுப்பியிருக்கிறேன். சரியா என்று பாருங்கள்.

ப: பார்த்தேன். வரவுக்கும் செலவுக்கும் இடையே நாற்பதாயிரம் ஷில்லிங் இடிக்கிறது. வங்கி அறிக்கை இல்லை. பாதி ரசீதில் தேதி இல்லை. காசோலைகளில் ஒரே கையெழுத்து. இரண்டாவது கையெழுத்துக்காரரை நியமித்து, வங்கி அறிக்கையோடு திரும்ப அனுப்புங்கள்.