மூளைத் தரவுத்தளங்களை இணைப்பது: திருகோணமலை வாசகர் கேள்விகளும் பதில்களும்

கோணேசபுரி, வளாக மாணவி: சேர், நரம்புக்கல வடிவங்களைத் திரட்டிவைக்கும் நியூரோமோர்ஃபோ தளத்தில் இறக்கிய சுண்டெலி நரம்புக்கலங்களை அலன் அட்லஸில் (சுண்டெலி மூளையின் முப்பரிமாண வரைபடம்) வைத்தால் எல்லாம் ஒரு மூலையில் குவிகின்றன. ஏன்?

நீங்கள் இறக்கிய எஸ்டபிள்யூசி கோப்பு கலத்தின் வடிவத்தைப் புள்ளி புள்ளியாக எழுதிய பட்டியல், அதில் 7 நிரல்கள் உண்டு. கடைசி நிரலில் -1 உள்ள வரியைப் பாருங்கள். வழக்கமாக அதுதான் கலவுடல். அதன் 3, 4, 5ஆம் நிரல்கள் (x, y, z ஆள்கூறுகள்) பூச்சியமாக இருந்தால், அந்தக் கோப்பில் கலத்தின் வடிவம் மட்டுமே உண்டு, மூளையில் அது இருந்த இடம் இல்லை. அட்லஸில் 0, 0, 0 என்பது மூலைப் புள்ளி, அதனால்தான் எல்லாம் அங்கே குவிகின்றன. அப்படிப்பட்டவற்றைப் பிரதேசப் பெயரால் மட்டும் இணையுங்கள். மவுஸ்லைட் (சுண்டெலி நரம்புக்கலத் தரவுத்தளம்) போல அட்லஸுக்கே பொருத்திப் பதிவுசெய்த தரவைத்தான் ஆள்கூற்றால் இணைக்கலாம். அதிலும் அச்சு வரிசையைப் பாருங்கள்: 25 மைக்ரோன் அட்லஸ் 528 × 320 × 456, அதாவது முன்-பின், மேல்-கீழ், இடம்-வலம். உங்கள் அணியில் 456 முதலில் வந்தால் அச்சு மாறிவிட்டது.

கிண்ணியா: அட்லஸை எங்கள் படத்துக்குப் பொருத்திய பிறகு, பட்டியலில் இல்லாத பிரதேச இலக்கங்கள் வருகின்றன.

இரண்டு இடத்தில் பிழைக்கும். ஒன்று, இடைச்செருகல், அதாவது படத்தை மாற்றும்போது புள்ளிகளுக்கு நடுவே உள்ள பெறுமதியைக் கணிப்பது. பிரதேச இலக்கம் ஒரு அடையாளம், அளவு அல்ல. நேரியல் முறையில் 10க்கும் 20க்கும் நடுவே 15 என்று புதுப் பிரதேசம் பிறந்துவிடும். அண்மை வொக்சலின் (முப்பரிமாணப் படப்புள்ளி) இலக்கத்தையே எடுக்கும் முறையைத்தான் போடவேண்டும்.

மற்றது கண்ணுக்குத் தெரியாது. மென்பொருள் கோப்பை ஃப்ளோட்32 (32 பிட் தசம எண்) வகையில் சேமித்தால் 16,777,216 வரைதான் எல்லா முழுவெண்ணும் பிசகாமல் நிற்கும். அலன் இலக்கங்கள் சில அதைவிட மிகப் பெரியவை. VISa எனப்படும் புறணிப் பகுதியில் 1ஆம் படைக்கு (அடுக்குக்கு) 312782550, 2/3ஆம் படைக்கு 312782554. ஃப்ளோட்32இல் இரண்டும் 312782560 ஆகிவிடும்! படை வேறுபாடே போய்விட்டது, பிழைச்செய்தியும் வராது. பொருத்தும் முன் இலக்கங்களை 1, 2, 3 என மாற்றி, அட்டவணை வைத்து, பிறகு திருப்புங்கள்.

நிலாவெளி: 8 ஜிபி மடிக்கணினியில் 10 மைக்ரோன் அட்லஸ் ஓடுமா?

திறந்தாலே 4.8 ஜிபி. 25 மைக்ரோனில் 0.3 ஜிபிதான், அதில் தொடங்குங்கள் தம்பி.

மூதூர்: மனித எஃப்எம்ஆர்ஐயையும் (மூளைச் செயற்பாட்டுப் படம்) சுண்டெலிக் கலத் தரவையும் ஒரே ஆள்கூற்றில் வைக்கலாமா?

முடியாது. மனிதத் தரவை எம்என்ஐ (மனித மூளைக்கான பொது ஆள்கூற்று) வெளியிலும், சுண்டெலியை அலன் வெளியிலும் தனித்தனியே வையுங்கள். இரண்டையும் சேர்ப்பது உபெரான் போன்ற, பல இனங்களுக்கும் பொதுவான உடற்கூற்றுச் சொற்றொகுதியின் பிரதேச அடையாளம். கலங்களைப் பிரதேச வாரியாகக் கூட்டிப் பிரதேச மட்டத்துக்குக் கொண்டுபோகலாம். ஆனால் எஃப்எம்ஆர்ஐயின் 3 மில்லிமீற்றர் வொக்சலைக் கலமாகப் பிரிக்க வழியில்லை. ஒவ்வொரு வரியிலும் இனம், அட்லஸ் பதிப்பு, மூல ஆள்கூறு மூன்றும் இருக்கட்டும். அட்லஸ் பதிப்பு மாறும்போது எல்லைகளும் மாறும், மூல ஆள்கூறு இல்லாவிட்டால் மீளப் பொருத்த முடியாது.