மனைவிக்கு ஷெரிப் அலுவலகத்தில் வேலை. கணவர் ஜாமீன் பாண்ட் ஏஜென்சி தொடங்கலாமா?

கைதானவருக்காகக் கோர்ட்டில் பிணை நின்று, அதற்குப் பிரீமியம் என்ற கட்டணம் வாங்கும் அமெரிக்கத் தொழில்தான் ஜாமீன் பாண்ட் ஏஜென்சி. அங்கே எந்த மாநிலம் என்று நீங்கள் சொல்லவில்லை. நார்த் கரோலினா என்றால் பேச்சுக்கே இடமில்லை. அங்கே 58-71-105 சட்டப் பிரிவு ஷெரிப் (உள்ளூர்க் காவல் தலைவர்), டெபுடி (அவருடைய உதவி அதிகாரி), நீதிபதி, வக்கீல், ஜெயிலர், நீதிமன்ற ஊழியர், குற்றவியல் நிர்வாகத்தோடு தொடர்புள்ள வேலையில் இருக்கும் மற்ற அரசு ஊழியர் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, இவர்களின் கணவன் மனைவியையும் அதே தடைக்குள் சேர்க்கிறது. சொந்தப் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள், வாழ்க்கைத் துணை ஆகியோருக்குப் பிணை நிற்க மட்டும் விலக்கு உண்டு. அதைத் தொழிலாக நடத்த முடியாது.

புளோரிடாவின் 648.44 பிரிவில் வாழ்க்கைத் துணை என்று தனியாக எழுதவில்லை. அதனால் தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள். ஷெரிப் துறை ஊழியர் எவரும், டைப்பிஸ்ட் உட்பட, எந்தப் பாண்டிலிருந்தும் நேரடியாகவோ மறைமுகமாகவோ பலன் பெறக் கூடாது என்கிறது அது. ஏஜென்சி வருமானம் வந்து சேர்வது உங்கள் இருவரின் ஜாயின்ட் அக்கவுன்ட்டில் என்றால், அது உங்கள் மனைவிக்குக் கிடைத்த பலன் இல்லை என்று வாதாடுவது கஷ்டம். அவர் பெயரில் இருக்கும் கட்டடத்தை ஏஜென்சிக்கு வாடகைக்கு விட்டாலும் இதே சிக்கல்தான் என்பது என் கணிப்பு.

"அவள் பைல் அடுக்குகிறாள், இதில் என்ன ஊழல்?" என்று கேட்பீர்கள். உங்கள் மனைவியை யாரும் சந்தேகப்படவில்லை. யார் எப்போது கைதாகி உள்ளே வந்தார், ஜாமீன் தொகை எவ்வளவு, அவர் குடும்பத்தின் போன் நம்பர் என்ன என்ற மூன்றும் முதலில் தெரிந்த ஏஜென்சிக்குத்தான் வியாபாரம். அந்தத் தகவல் உட்கார்ந்திருப்பது உங்கள் மனைவியின் மேசையில்.

தடைப் பட்டியலில் நீதிபதி ஏன் இருக்கிறார் என்று பார்த்தால், அங்கே பணம் இன்னும் பெரிது. ஜாமீன் 50,000 டாலர், பிரீமியம் 10 சதவீதம் என்று வையுங்கள். 5,000 டாலர் வேண்டும். குடும்பத்தால் 2,500தான் திரட்ட முடியும் என்றால் ஏஜென்டுக்கு ஒரு பைசா வராது. நீதிபதி அந்த 50,000ஐ இரண்டாகப் பிரித்து, 25,000க்குப் பாண்ட், மீதி 25,000க்குப் பணம் கட்டாமல் கைதி தரும் சொந்த உறுதிமொழி என்று கையெழுத்துப் போட்டால் அந்த 2,500 முழுக்க ஏஜென்ட் கைக்கு வந்துவிடும். இப்படிப் பிரிப்பது மட்டுமே குற்றமாகிவிடாது. அதற்காக ஏஜென்டிடம் சாப்பாடும் கார் ரிப்பேரும் வாங்கிக்கொள்வதுதான் குற்றம். லூசியானாவின் கிரெட்னா நீதிமன்றத்தில் நடந்தது இதுதான். நீதிபதி ஆலன் கிரீன் 2005ல் குற்றவாளி என்று தீர்ப்பானார். அதே நீதிமன்றத்தில் இருந்து பெடரல் நீதிபதியாக உயர்ந்த தாமஸ் போர்ட்டியஸை 2010 டிசம்பரில் அமெரிக்க செனட் பதவிநீக்கம் செய்தது. அவர் மீதான நான்கு குற்றச்சாட்டுகளில் ஒன்று பாண்ட் ஏஜென்டுகளோடு இருந்த இந்த உறவு.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் இதைச் சொல்லாமல் விட மனமில்லை. அந்த 10 சதவீதம் வழக்கே தள்ளுபடியானாலும் திரும்பி வராது. நம் ஊரில் கோர்ட்டில் கட்டிய டெபாசிட் மாதிரி கேஸ் முடிந்ததும் வந்துவிடும் என்று நினைத்து நகையை விற்றுக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கென்டக்கி 1976லேயே இந்தத் தொழிலைத் தடை செய்தது. மற்ற பல மாநிலங்கள் ஏன் இன்னும் விட்டுவைத்திருக்கின்றன என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

லைசென்ஸுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் மனைவியின் பதவிப்பெயர், துறை, அன்றாட வேலை மூன்றையும் எழுதி, உங்கள் மாநிலத்தில் பாண்ட் லைசென்ஸ் கொடுக்கும் துறையிடம் எழுத்தில் பதில் கேளுங்கள். நார்த் கரோலினாவில் அது இன்சூரன்ஸ் துறை, புளோரிடாவில் நிதிச் சேவைத் துறை. போனில் சொன்ன "பரவாயில்லை" பிறகு எங்கேயும் செல்லாது.