வாசகர் கேள்வி – பதில்: எதை விடுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கேள்வி: மூன்று நாள் நடக்கும் பெரிய காமிக் மாநாடு (படக்கதை ரசிகர்கள் கூடும் விழா) ஒன்றுக்கு முதன்முறையாகப் போகிறேன். ஒரே மணி நேரத்தில் எட்டு அரங்குகளில் எட்டு நிகழ்ச்சிகள் இருக்கின்றன. எதையும் தவறவிடக் கூடாது என்று ஆசையாக இருக்கிறது. எப்படித் திட்டமிடுவது? – கல்லூரி மாணவி

எல்லாவற்றையும் பார்ப்பது இயலாது என்பதை வீட்டிலேயே ஏற்றுக்கொண்டு கிளம்புங்கள். அங்கே போய், மூடிய கதவுக்கு வெளியே நின்றுகொண்டு ஏற்க நேர்ந்தால் மனம் கசந்துவிடும். 1970 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான் டியேகோவில் முதல் மூன்று நாள் காமிக் மாநாடு நடந்தபோது வந்தவர்கள் ஏறத்தாழ 300 பேர். அன்று யாரும் எதையும் தவறவிட்டிருக்க மாட்டார்கள். இன்று அதே மாநாட்டுக்கு 1,30,000 பேருக்கும் மேல் வருகிறார்கள். அங்குள்ள மிகப் பெரிய அரங்கான ‘ஹால் எச்’-இல் சுமார் 6,500 பேர்தான் அமர முடியும். வந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே நிகழ்ச்சியை விரும்பினால் இருபதில் ஒருவருக்குத்தான் இருக்கை. அதிலும், ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் அரங்கைக் காலி செய்யும் வழக்கம் அங்கு இல்லாததால், மாலையில் வரப்போகும் நட்சத்திரங்களைப் பார்க்க விரும்புகிறவர்கள் காலையிலேயே உள்ளே போய், தங்களுக்குத் தொடர்பே இல்லாத நிகழ்ச்சிகளையும் பார்த்தபடி இடத்தைக் காத்துக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே என் வழக்கத்தைச் சொல்கிறேன். ஒரு நாளைக்கு விட்டுக்கொடுக்கவே முடியாத நிகழ்ச்சி ஒன்றை மட்டும் குறித்துக்கொள்வேன். அதற்காக எவ்வளவு நேரம் காத்திருக்க நேர்ந்தாலும் முணுமுணுக்க மாட்டேன். கிடைத்தால் நல்லது என்ற வகையில் இரண்டு. மற்ற நேரத்தை வெறுமையாகவே விட்டுவிடுவேன். இந்தச் சிறு பட்டியலைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதுதான் எனக்குப் பிடிக்கும். ஆயிரக்கணக்கானோர் ஒரே கட்டடத்துக்குள் கைப்பேசியைப் பயன்படுத்தும்போது இணையம் தடுமாறும். நிகழ்ச்சி நிரல் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. பெரிய அரங்கில் அறிவிக்கப்படுபவை பெரும்பாலும் அன்று மாலைக்குள் உலகத்துக்கே தெரிந்துவிடும். சிறிய அறைகளில் நடப்பவை அங்கே இருந்தவர்களுக்கு மட்டுமே கிடைக்கும். நாற்பது பேர்கூட இல்லாத ஓர் அறையில், காமிக் புத்தகங்களுக்கு எழுத்து வரையும் கலைஞர் ஒருவர், வசனம் எழுதப்படும் பேச்சுக் குமிழியின் வால் பாத்திரத்தின் வாயை நோக்கி நீள வேண்டுமே தவிர வாயைத் தொட்டுவிடக் கூடாது என்று பலகையில் வரைந்து காட்டினார். அவர் வாலைச் சற்றே திருப்பியதும், பின்னால் நின்ற வேறொரு பாத்திரம் பேசுவதுபோல் ஆகிவிட்டது. அன்றிலிருந்து எந்தக் காமிக் பக்கத்தைப் புரட்டினாலும் என் கண் முதலில் அந்த வாலைத்தான் தேடுகிறது. அப்படி ஓர் அறையையாவது உங்கள் மூன்று நாளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வரிசையில் நிற்பதிலேயே பாதி நாள் போய்விடுகிறது. இது வீண் அல்லவா? – வாசகர் ஒருவர்

எதற்காக நிற்கிறோம் என்று தெரிந்து நின்றால் வீண் இல்லை. உங்களுக்கு முன்னும் பின்னும் நிற்பவர்கள், நீங்கள் நேசிக்கும் அதே கதையை நேசித்து வந்தவர்கள். வேறு எங்கே அப்படி ஒரு கூட்டம் கிடைக்கும்? நான் முதலில் பக்கத்தில் நிற்பவரிடம், இந்தத் தொடரை எந்த வயதில் படிக்கத் தொடங்கினீர்கள் என்று கேட்பேன். பேச்சு தானாக வளரும். பின்னால் வரப்போகும் ஐந்து நண்பர்களுக்காக ஒருவர் இடம் பிடித்து வைப்பது மட்டும் எனக்கு அறவே உடன்பாடில்லை. விடியற்காலையில் வந்தவரின் இருக்கையை அது பறிக்கிறது. இரவு முழுவதும் வெளியே படுத்து இடம் பிடிப்பதையும் நான் செய்வதில்லை. டோக்கியோவில் ஆண்டுக்கு இருமுறை கூடும் காமிக் சந்தையான காமிகெட்டில் அதற்குத் தடையே உண்டு.

கேள்வி: கவசம் அணிந்த பாத்திரமாகக் காஸ்ப்ளே (கதைப் பாத்திரம்போல் வேடமிடுதல்) செய்ய விரும்புகிறேன். மூன்று நாளும் அணியலாமா? படம் எடுப்பவர்களை எப்படிச் சமாளிப்பது? – வாசகி ஒருவர்

ஒரு நாள் போதும் என்பது என் கருத்து. அதுவும் உங்கள் பட்டியலில் பெரிய வரிசை எதுவும் இல்லாத நாளாக இருக்கட்டும். நுரைத்தகட்டில் செய்த கவசம் எடை குறைவுதான்; ஆனால் காற்று உள்ளே புகாது. வீட்டில் முழு உடையோடு ஒரு மணி நேரம் இருந்து பாருங்கள். உட்கார முடிகிறதா, படி ஏற முடிகிறதா, பிறர் உதவியின்றிக் கழிப்பறைக்குப் போய்வர முடிகிறதா, தலைக்கவசத்தைக் கழற்றாமல் தண்ணீர் குடிக்க முடிகிறதா என்று சோதியுங்கள். ஊக்குகள், விரைவில் காயும் பசை, உடையின் நிறத்திலேயே ஒட்டுநாடா, ஊசி நூல் ஆகியவற்றை ஒரு சிறு பையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் வழியில் யாருக்காவது தோள்பட்டை கழன்றிருக்கும். மாநாட்டின் விதிகளையும் முன்பே படித்துவிடுங்கள். காமிகெட்டில் வீட்டிலிருந்தே வேடமிட்டு வரக் கூடாது; அங்குள்ள அறையில்தான் உடை மாற்ற வேண்டும்.

இந்தக் கலையின் தொடக்கம் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ‘காஸ்ப்ளே’ என்ற சொல் 1980-களில் ஜப்பானில் பிறந்தது. வழக்கமோ அதைவிடப் பழையது. 1939-இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு வந்தவர்கள் சுமார் 200 பேர். அவர்களுள் எதிர்கால மனிதர்களைப் போல உடுத்தி வந்தவர்கள் ஃபாரஸ்ட் ஆக்கர்மேனும் மிர்ட்டில் டக்ளஸும் மட்டுமே. இரண்டு உடைகளையும் தைத்தவர் மிர்ட்டில். புகைப்படங்களில் ஆக்கர்மேனின் பெயர் முன்னால் வந்துவிடுகிறது. தைத்தவரின் பெயரையும் நாம் சேர்த்தே சொல்ல வேண்டும்.

படம் எடுக்க விரும்புகிறவர்கள் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். தொடுவதென்றால் கட்டாயம் கேட்க வேண்டும். நியூயார்க் காமிக் கானில் ‘வேடமிட்டிருப்பது சம்மதம் ஆகாது’ என்ற பொருளில் பெரிய பலகைகளே வைத்தார்கள். நீங்கள் சாப்பிடும்போதோ தலைக்கவசத்தைக் கழற்றி இளைப்பாறும்போதோ யாராவது படம் கேட்டால், ‘இப்போது வேண்டாம்’ என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. காரணம் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: மாநாடு முடிந்து வந்தாலே காய்ச்சல், தொண்டைவலி. கூட்டமும் இரைச்சலும் மதியத்துக்குள் என்னைச் சோர்வாக்கிவிடுகின்றன. பாதியில் அறைக்குத் திரும்பினால் குற்ற உணர்வாக இருக்கிறது. – வாசகர் ஒருவர்

தாராளமாகத் திரும்புங்கள். நான் இரண்டாம் நாள் மதியத்தை எப்போதும் தூங்குவதற்கே ஒதுக்கிவிடுவேன். ஒரு நாளில் குறைந்தது ஐந்து மணி நேரத் தூக்கம், இரண்டு வேளை முழுச் சாப்பாடு, ஒரு குளியல் என்று மாநாட்டு ரசிகர்களிடையே பழைய கணக்கு ஒன்று வழங்குகிறது. தூக்கத்தில் இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். மூடிய கட்டடம், குறைந்த தூக்கம், இடைவிடாத கைகுலுக்கல் எல்லாம் சேர்ந்தால் தொற்று வரத்தான் செய்யும். முகக்கவசம் அணியுங்கள், கை கழுவுங்கள், தண்ணீர் பாட்டிலைக் கீழே வைக்காதீர்கள். பல மாநாடுகளில் அமைதி அறை இருக்கிறது; அது எந்தத் தளத்தில் என்று நுழைந்தவுடனே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: சிறு வயதிலிருந்து நேசிக்கும் ஓவியரிடம் கையெழுத்து வாங்கப் போகிறேன். நேரில் பார்த்தால் எனக்கு வாய் எழாது. என்ன பேசுவது? – வாசகி ஒருவர்

பின்னால் பலர் காத்திருப்பார்கள். உங்களுக்குக் கிடைப்பது ஒரு நிமிடம். ‘உங்கள் பரம ரசிகை’ என்பதை அவர் அன்று நூறு முறை கேட்டிருப்பார். அதற்குப் பதிலாக, உங்கள் நினைவைவிட்டு அகலாத ஒரே ஒரு சட்டகத்தை, அதாவது பக்கத்தில் ஒரு கட்டத்துக்குள் வரையப்பட்ட காட்சியை, சொல்லுங்கள். ஒருமுறை என் முறை வந்தபோது, அந்தப் பாத்திரம் மழையில் குடையைத் தாழ்த்தும் காட்சியில் முகத்தையே காட்டாமல் விட்டீர்களே என்று மட்டும் கேட்டேன். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. முகத்தை மூன்று முறை வரைந்து அழித்ததாகவும், எதுவும் சரியாக வராததால் குடையைக் கீழே இறக்கியதாகவும் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அன்றைய காத்திருப்பு தகும்.

சில நடைமுறைகளும் உண்டு. ஒரே ஒரு புத்தகம் கொண்டுபோங்கள். யார் பெயருக்கு எழுத வேண்டும் என்பதை ஒரு துண்டுத் தாளில் தெளிவாக எழுதி அட்டையில் செருகிவையுங்கள். இரைச்சலில் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லும் நேரம் மிச்சமாகும். அவர் மேசையில் ஓவியங்களோ அச்சுப் படிகளோ விற்பனைக்கு இருந்தால், உங்களால் இயன்ற ஒன்றை வாங்குங்கள். மேசைக்கு வாடகை கட்டி அமர்ந்திருப்பவர்கள் பலர். கையெழுத்து வாங்கியதும் புத்தகத்தை உடனே மூடிவிடாதீர்கள். பளபளப்பான தாளில் மை காய நேரம் ஆகும். ஓரமாகப் போய், பக்கத்தைத் திறந்தபடி சில நிமிடம் நின்று, பிறகு நடுவில் ஒரு வெண்தாளை வைத்து மூடுங்கள்.